ஒன்பதாம் நம்பர் போகவில்லை

அந்தச் சனிக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேஜையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அப்பா. அப்பாவுக்கு எதிரில் மாமா, அம்மாவின் தம்பி. ஜன்னல் பக்கம் பிளம்பர் அங்கிள். மேல் வீட்டுக்காரர், ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அவருக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் அங்கிள். வேலை பக்கத்து ஊர் மில்பிடாஸில், சொந்த ஊர் எங்கள் ஈரோட்டுப் பக்கம். அடுப்புக்கு முன்னால் அம்மா. ஐந்தாவது நாற்காலியில் நான். ஆறு பேர்.

ஊர் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட். வருடம் தொண்ணூற்றாறோ ஏழோ. எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் எனக்கு ஒட்டவில்லை. இங்கிலீஷ் காதில் ஏறியது, எழுத்தில் ஏறவில்லை. கணக்கில் கழித்தல் மட்டும் நன்றாக வரும்.

அப்பாவும் மாமாவும் மௌரி அவென்யூவில் ஒரு தோசைக் கடையில் சமையல். அதற்கு முன்னால் இரண்டு பேரும் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தார்கள். அப்போது நானும் அம்மாவும் ஊரில் இருந்தோம். கிளாஸ்கோவில் இரண்டு பெரிய ஃபுட்பால் கிளப். ஒன்று பச்சை, ஒன்று நீலம். ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்குமாம். அப்பாவுக்கும் மாமாவுக்கும் பந்து எப்படி இருக்கும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அப்பா தங்கியிருந்த வீட்டு அம்மாள் குளிருக்கு ஒரு பச்சைக் குல்லா கொடுத்தாள். மாமா தங்கியிருந்த வீட்டுக்காரர் ஒரு நீல மஃப்ளர் கொடுத்தார். போட்டுக்கொண்டார்கள். குல்லாவைப் பார்த்துத் தெருவில் நாலு பேர் அப்பாவுக்குக் கை கொடுத்தார்கள். மஃப்ளரைப் பார்த்து வேறு நாலு பேர் மாமாவுக்குக் கை கொடுத்தார்கள். தெரியாத ஊரில் ஒருவன் கை கொடுத்தால் லேசில் விட முடியாது. அப்பா பச்சை ஆனார். மாமா நீலம் ஆனார். அமெரிக்கா வந்த பிறகும் அது போகவில்லை. ஃப்ரீமான்ட் வெயிலில் அந்தக் குல்லாவும் மஃப்ளரும் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் தொங்கின.

மற்ற நாட்களில் இரண்டு பேரும் காலை ஒன்பது வரை தூங்குவார்கள். சனிக்கிழமை மட்டும் ஆறரைக்கே எழுந்துவிடுவார்கள். அங்கே மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டம் என்றால் இங்கே காலை ஏழு. பார்க்க வழியில்லை. பேசத்தான் முடியும். பிளம்பர் அங்கிளுக்குத் தங்கை ஒருத்தி கிளாஸ்கோவில் இருந்தாள். ஒன்பது மணிக்கு அவளிடம் கேட்டுக்கொண்டு கோல் கணக்கோடு மாடியிலிருந்து இறங்கி வருவார். அவள் தபாலில் அனுப்பும் ஒரு வாரப் பழைய பேப்பரையும் கொண்டுவருவார். அவர் பச்சையா நீலமா என்று கடைசி வரை சொல்லவில்லை. சொன்னால் இரண்டில் ஒருவர் டீ ஊற்ற மாட்டார்.

கம்ப்யூட்டர் அங்கிள் ஆபீஸ் பிரிண்டரில் அடித்த தாள்களைக் கொண்டுவருவார். முகம் தெரியாத ஆட்கள் இன்டர்நெட்டில் எழுதிப் போட்ட வதந்திகள். எந்த ஆட்டக்காரன் எங்கே போகிறான், யார் யாரோடு சாப்பிட்டான். பிளம்பர் அங்கிளுக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தை தெரியும். ஒவ்வொரு வதந்திக்கும் அதைச் சொல்வார்.

"சும்மா."

அந்தச் சனிக்கிழமைத் தாளில் பெரிய வதந்தி இருந்தது. பச்சைக் கிளப்பில் கோல் போடுகிற ஒன்பதாம் நம்பர் சட்டைக்காரன் நீலத்துக்குப் போகப் போகிறான். நீலக் கிளப் ஆள் ஒருவரின் வீட்டு வாசலில் அவன் கார் நின்றதாம். அவன் பெண்டாட்டி புதுத் திரைச்சீலை வாங்கினாளாம், அதுவும் நீலமாம். பிளம்பர் அங்கிள் இரண்டு தடவை சும்மா சொன்னார். அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

பச்சை போட்ட உடம்பு நீலம் போடாது என்றார் அப்பா. உடம்புக்குக் கலர் தெரியுமா என்றார் மாமா. கூட்டி வந்து சேர்த்துவிட்டவன் மூஞ்சியில் எப்படி முழிப்பான் என்று அப்பா கேட்டார். மாமா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணு வருசமா அடுத்த வருசம், அடுத்த வருசம்னே சொல்றாங்க மச்சான். எத்தன நாளைக்கு ஒருத்தன் காத்திருப்பான்?"

பிளம்பர் அங்கிளுக்கு அதை நான்தான் இங்கிலீஷில் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மூன்று வருடம் எல்லாம் இல்லை, ஒன்பதாம் நம்பர் போன வருடம்தான் பச்சைக்கு வந்தான் என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"போறவன் போகட்டும்" என்றார் அப்பா. "போனா இந்த ஊட்டுப் படி ஏறக் கூடாது."

"ஏண்ணா, அவன் எதுக்கு ஃப்ரீமான்ட் வரப் போறான்?" என்றார் கம்ப்யூட்டர் அங்கிள்.

எனக்கும் அதே சந்தேகம்தான்.

அம்மா கரண்டியோடு திரும்பினாள். "ரெண்டு பேரும் ஃபுட்பால் பேசறதா இருந்தாப் பேசுங்க. இல்லீனா எந்திரிங்க."

எழுந்திருக்கவில்லை. பந்தயம் கட்டினார்கள். ஒன்பதாம் நம்பர் நீலத்துக்குப் போனால் அப்பா மொட்டை அடித்துக்கொண்டு லிவர்மோர் கோயிலுக்கு வருவார். போகாவிட்டால் மாமா. சிவனும் பெருமாளும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற கோயில் அது. யார் தோற்றாலும் சாமிக்குக் குறையில்லை என்றார் கம்ப்யூட்டர் அங்கிள். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அப்பாவும் மாமாவும் பேசவில்லை. ஒரே காரில் வேலைக்குப் போனார்கள், ரேடியோ கூடப் போடாமல். வீட்டில் எல்லாம் என் வழியாகத்தான். உங்க மாமனை உப்பு எடுக்கச் சொல்லு. உங்கப்பா கிட்டக் கார் சாவி கேளு. இரண்டு அறை வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை சாமான் தேவைப்படுகிறது என்று அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

மாமாவுக்கு அப்போது கல்யாணமாகி மூன்றரை வருடம். கல்யாணமான நாலாம் மாதம் இங்கே வந்துவிட்டார். அத்தை கோபிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். பாப்பா பிறந்தது மாமா வந்த பிறகு. போட்டோவில் பார்த்ததோடு சரி. ஞாயிறு ஞாயிறு அத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்கு வந்து எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருப்பாள். நமக்குக் காலை எட்டு, அங்கே இரவு எட்டரை. எட்டே முக்காலுக்கு அவள் ஊருக்குக் கடைசி பஸ்.

எங்கள் வீட்டு ஃபோன் கடை முதலாளி பெயரில் இருந்தது. வெளிநாட்டுக்குப் போகாது. அதனால் மாமா காலிங் கார்டு வாங்குவார். அதிலிருக்கிற நம்பரைப் போட்டால் வெளிநாட்டுக்கு லைன் கிடைக்கும். திங்கட்கிழமை கடைக்கு லீவு. அன்றைக்கு மளிகைக் கடையில் பத்து டாலர் கார்டு ஒன்று வாங்கி, காசால் சுரண்டி நம்பர் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்து, முருகன் காலண்டருக்குப் பின்னால் செருகி வைப்பார். ஞாயிறு காலை எடுப்பார். பத்து நிமிடம் பேசுவார். கார்டைக் குப்பையில் போடுவார்.

போன ஞாயிறு அத்தை ஏதோ கேட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு உன் மாமன் ஒரு பதில் சொல்லணும் என்று அம்மா என்னிடம் சொன்னாள். வா என்று கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது பதில் அத்தைக்கு வேண்டாமாம். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்பதாம் நம்பர்.

அவன் போகிறானா இல்லையா என்று தெரிந்துவிட்டால் சண்டை முடிந்துவிடும். இவர்கள் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் கூட அங்கே கேட்கவில்லை. நான் கேட்பது என்று முடிவு பண்ணினேன்.

பிளம்பர் அங்கிள் விட்டுப்போன பேப்பரில் பச்சைக் கிளப் டிக்கெட் விளம்பரம் இருந்தது. கீழே ஃபோன் நம்பர். தங்கைக்கு எப்படி நம்பர் போடுவீர்கள் என்று மாடிக்குப் போய்க் கேட்டேன். முன்னால் போட வேண்டிய எண்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். எதற்கு என்றார். ஸ்கூலுக்கு என்றேன்.

புதன்கிழமை. அம்மா ஆறரைக்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற டேகேருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அப்பாவும் மாமாவும் தூங்கினார்கள். காலண்டருக்குப் பின்னாலிருந்து கார்டை எடுத்தேன். மாமாவின் வாட்ச்சை எடுத்தேன். நீள வயர் உள்ள ஃபோனைத் துணி வைக்கிற க்ளாசெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கணக்கு நோட்டும் பென்சிலும் மடியில்.

நம்பர் எல்லாம் போட்டதும் ஒரு பொம்பளைக் குரல் வந்தது. மெஷின் குரல். நாற்பது நிமிடம் இருக்கிறது என்றது.

நான் திகைத்துவிட்டேன். நாற்பது நிமிடம் உள்ள கார்டில் மாமா பத்து நிமிடம் பேசிவிட்டு முப்பதைக் குப்பையில் போடுகிறார். வாராவாரம். பாவம், தெரியவில்லை. எனக்கு உடனே தைரியம் வந்தது. முப்பது நிமிடம் என் பங்கு. பத்து அவருக்கு. ஒரு நிமிடத்துக்கு ஒரு கோடு போட ஆரம்பித்தேன்.

மணி அடித்தது. எடுத்தார்கள். இருக்கச் சொன்னார்கள். பாட்டு ஓடியது. பதினொரு கோடு வரை பாட்டுத்தான். பிறகு ஒருத்தி வந்தாள். எந்த ஆட்டத்துக்கு டிக்கெட் என்றாள். டிக்கெட் வேண்டாம், ஒன்பதாம் நம்பர் நீலத்துக்குப் போகிறாரா என்றேன். அவள் பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்தாள். எங்கிருந்து பேசுகிறாய் என்றாள். கலிபோர்னியா என்றதும் சிரிப்பு நின்றது. இரு என்றாள். மறுபடி பாட்டு. பதினெட்டு. பத்தொன்பது. வைத்துவிடலாமா என்று ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. இருபத்திரண்டில் எங்கேயோ ஓர் அறையில் ஃபோன் அடித்தது. ஒரு வயசாளி எடுத்தார்.

பிளம்பர் அங்கிள் பேசும் அதே இங்கிலீஷ். அதனால் எனக்குப் புரிந்தது. ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைத்து வைப்பது அவர் வேலையாம். நான் கேட்டதையே மறுபடி கேட்டேன். இந்தக் கேள்வியைப் பேப்பர்காரர்கள் எல்லாம் கேட்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல மாட்டேன், நீ தூரத்திலிருந்து கேட்கிறாய், சொல்கிறேன் என்றார். அவன் போக மாட்டான். போனால் அவன் பிள்ளைகள் இந்த ஊரில் பள்ளிக்கூடம் போக முடியாது, பெண்டாட்டி கடைக்குப் போக முடியாது. பிறகு அவர் சொன்னதை நான் நோட்டில் தமிழில் எழுதி வைத்தேன். ஒருத்தனும் சட்டைக்காக இருக்க மாட்டான் கண்ணு, பெண்டாட்டி பிள்ளைக்காகத்தான் இருப்பான்.

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். கோடுகளை எண்ணினேன். இருபத்தேழு. மாமாவுக்குப் பத்துப் போதும், பதின்மூன்று வைத்திருந்தேன். கார்டைக் காலண்டருக்குப் பின்னால் பழையபடி செருகினேன். பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

சொல்லாமல் சனிக்கிழமை வரை வைத்திருந்தேன். எல்லாரும் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்று இருந்தது.

சனிக்கிழமை அதே ஆறு பேர். நான் வாய் திறக்கும் முன் பிளம்பர் அங்கிள் முந்திக்கொண்டார். தங்கை ஃபோனில் சொன்னாளாம். ஒன்பதாம் நம்பர் பச்சையிலேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டான். கம்ப்யூட்டர் அங்கிள் தன் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். அப்பா மேஜையைத் தட்டினார். ஒரு வாரத்தில் முதல் தடவையாக நேராக மாமாவைப் பார்த்தார்.

"பாத்தியா. ஆம்பளை. போட்ட சட்டைய விட்டுக் குடுக்கல."

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் இருபத்தேழு நிமிடம் காத்திருந்து வாங்கிய சேதி. தப்பாகச் சொல்கிறார்.

"இல்லப்பா" என்றேன். "சட்டைக்காக இல்ல. ஒருத்தனும் சட்டைக்காக இருக்க மாட்டான். பெண்டாட்டி பிள்ளைக்காகத்தான் இருப்பான்."

அம்மா அடுப்பை அணைத்தாள். தாளிப்பு பாதியில் நின்றது. யார் சொன்னது என்று அப்பா கேட்டார். அங்கே பூட்ஸ் துடைக்கிறவர் என்றேன். குழந்தைப் பேச்சு என்று நினைத்தாரோ என்னவோ, மேலே கேட்கவில்லை. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு மொட்டை போட்டுக்கறனுங்க மச்சான்."

பேசிவிட்டார்கள். சண்டை தீர்ந்தது என்று நினைத்தேன். அன்றைக்கு ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை எட்டு. மாமா கார்டை எடுத்தார். அம்மா வழக்கம் போல அடுப்படியில். அப்பா படுக்கையறை வாசலில் துண்டோடு நின்றார். மாமா நம்பர் போட்டார், கேட்டார், கார்டைத் திருப்பிப் பார்த்தார். வைத்துவிட்டு மறுபடி போட்டார். பிறகு ரிசீவரை என் காதில் வைத்தார்.

"இவ எத்தனைனு சொல்றா? எனக்கு வேற மாதிரி கேக்குது. நீ கேளு அம்மிணி."

கேட்டேன். அதே பொம்பளை. மூன்று நிமிடம் என்றாள்.

ஸ்காட்லாந்துக்கு நாற்பது நிமிடம் பேசுகிற காசில் இந்தியாவுக்குப் பத்து நிமிடம்தான் பேச முடியும். கார்டில் இருப்பது நிமிடம் இல்லை, காசு. ஊருக்கு ஊர் அதன் நிமிடம் வேறு. இது எனக்கு விளங்கியபோது எனக்குக் கல்யாணமாகி என் வீட்டுக்காரர் துபாய் போயிருந்தார். அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூணு என்று சொல்லிவிட்டு ரிசீவரைக் கொடுத்தேன்.

புதுக் கார்டு வாங்கப் போனால் கடைசி பஸ் போய்விடும். மாமா நின்றபடியே பேசினார்.

"கேளு. நேரமில்ல. நாளைக்கு மில்பிடாஸ் கடைக்கு மாறுறேன். அவங்க உனக்கும் சேத்து விசாப் பேப்பர் போடறாங்க. மச்சானுக்குப் புடிக்காது. இருந்தாலும் மாறுறேன். நீ வா." அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று தெரியாது. "அழுவாத. பாப்பா கிட்டக் குடு."

பிறகு காத்திருந்தார். சாமி என்றார். சொல்லு சாமி என்றார். அவ்வளவுதான். கட்டான பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தார். அந்த வாரம்தான் பாப்பா முழுசாக ஒரு வாக்கியம் சொல்லப் பழகியிருந்தாள் என்று அத்தை பின்னால் ஒரு நாள் சொன்னாள்.

கார்டுக்காரன் ஏமாத்திட்டான் என்றார் மாமா. நான் வாய் திறக்கவில்லை. இன்று வரை திறக்கவில்லை.

எங்கள் கடை முதலாளியும் மில்பிடாஸ் கடை முதலாளியும் ஒரு காலத்தில் கூட்டாளிகள். இப்போது எதிரும் புதிரும். அத்தைக்கு விசாப் பேப்பர் போடுவதை எங்கள் முதலாளி மூன்று வருடமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். மாமாவுக்கு நான் பொறுப்பு என்று அப்பா முதலாளியிடம் சொல்லிக் கூட்டி வந்திருந்தார். இதுவும் எனக்கு அப்போது தெரியாது. அப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவர் பாத்ரூமுக்குள் போய் வெந்நீரைத் திறந்துவிட்டார்.

"வா மாப்ளை. உக்காரு."

மாமா தொட்டிக்குள் சட்டையில்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அப்பா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ரேசரை எடுத்தார். வெங்காயம் அரிந்த கை. சின்னச் சின்னதாக, அவசரமில்லாமல் எடுத்தார். அசையாத என்று ஒரு தடவை சொன்னார். மாமா அசையவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. முடி எல்லாம் போன பிறகு அப்பா தலையில் தண்ணீர் ஊற்றினார். துண்டால் துடைத்தார். கடைசியில்தான் பேசினார்.

"அங்க சாம்பார்ல உப்புக் கம்மியாப் போடுவானுங்க. நீ பாத்துப் போடு."

பிறகு எல்லாரும் காரில் மலையைத் தாண்டி லிவர்மோர் போய்ச் சாமி கும்பிட்டோம். வழியில் அப்பா ரேடியோ போட்டார்.

திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் அங்கிள் கார் வந்தது. ஒரு சூட்கேஸ், ஒரு பை. மாமா ஆணியிலிருந்து நீல மஃப்ளரை எடுத்து மொட்டைத் தலையில் சுற்றிக்கொண்டு படி இறங்கினார். அத்தையும் பாப்பாவும் ஒன்றரை வருடம் கழித்து வந்து சேர்ந்தார்கள். அதற்குள் அப்பாவுக்கு மௌரி அவென்யூ கடையில் வேலை போய், நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன்.

கார் போன பிறகு நான் க்ளாசெட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். ஒன்பதாம் நம்பர் போகவில்லை. பிறகு எதற்கு மாமா போகிறார். அந்த மெஷின் பொம்பளை எதற்குப் பொய் சொன்னாள். கணக்கு நோட்டைத் திறந்து கோடுகளை மறுபடி எண்ணினேன். இருபத்தேழு சரியாக இருந்தது. கழித்துப் பார்த்தேன். அழித்துவிட்டு மறுபடி கழித்தேன். பேப்பர் கிழிகிற மட்டும் கழித்தேன்.

பதின்மூன்று.